ஏழாம் எண் கேட்ட விலை

அத்தியாயம் 14

மதன்குமாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் கேட்டுவிட்டுத்தான் செய்வான். ஆனால் எதிரில் இருப்பவர் பதில் சொல்வதற்குள் செய்து முடித்திருப்பான்.

"டீ போடட்டுங்களா, லோகு?" என்று அன்று காலை அவன் கேட்டபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

கட்டின பெண்டாட்டிக்கே 'ங்க' போடுகிற மாப்பிள்ளை என்று கருமத்தம்பட்டியில் பாதிப் பேர் அவனைக் கேலி செய்வார்கள். "ஜன்னலச் சாத்தட்டுங்களா?" என்பான், சாத்திவிட்டு. "வண்டிய எடுக்கட்டுங்களா?" என்பான், வண்டி கேட்டைத் தாண்டிய பிறகு. கல்யாணமாகி ஒன்பது வருடமாக லோகப்பிரியா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்று மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய அண்ணன் சரவணனின் எட்டுத் தறிகளும் அன்று ஏலத்துக்கு வருகின்றன. ஏலம் விடுபவள் அவளேதான்.

"நீங்க ராத்திரி தூங்கவே இல்லீங்களா? கண்ணு செவந்து கெடக்குது."

"தூங்குனனே" என்றான் மதன். டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றான். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்த அஞ்சாந் தறிய மட்டும் ஏலத்துல உட வேண்டாம் லோகு. காயலாங்கடைக்கு எடைக்குப் போட்டுருவோம். உடைச்சுப்போட்டாங்கன்னா முடிஞ்சுது."

"அண்ணி ஒத்துக்க மாட்டேங்கறாங்க. உங்களுக்கே தெரியும்."

"நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"அண்ணன் கைபட்ட தறியை உடைச்சுப் போடுங்கன்னு நான் எந்த வாயால சொல்றது?"

மதன் ஜன்னல் வழியாக மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "உடுமலைல கொப்பரை லோடு இருக்குது. கெளம்பட்டுங்களா?" என்று கேட்டபோது செருப்பு காலில் ஏறியிருந்தது.

அந்த ஐந்தாம் தறியின் மேல் கை வைத்தபடிதான் சரவணன் கரண்ட் அடித்துச் செத்துக் கிடந்தான். பதினோரு மாதத்துக்கு முன்னால், கார்த்திகை மழையில், சோமனூர்த் தறிக்குடோனில். தறிக்குப் பாவு நூல் கொண்டு வந்த ஆள் பார்த்துக் கத்தியபோது உள்ளே வேறு யாரும் இல்லை. கரண்ட் அடித்தது ஊருக்கெல்லாம் தெரியும். எந்தத் தறி என்பது மட்டும் குடும்பத்தைத் தாண்டவில்லை. அன்று அவனுடைய ஃபோனும் காணாமல் போனது. இழவு வீட்டுக் கூட்டத்தில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்று சபித்துவிட்டு அதை மறந்துபோனார்கள்.

லோகப்பிரியாவிடம் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் மதனிடம்கூடச் சொன்னதில்லை. செத்த அன்று காலை அண்ணன் அவளை மூன்று முறை அழைத்தான். ஒரு நூல் மில்லின் பழைய மெஷின்கள் ஏலம் முடிகிற நேரம் அது. மூன்று முறையும் அவள் கட் செய்தாள். அந்த மூன்று அழைப்பையும் அவள் இன்றுவரை ஃபோனிலிருந்து அழிக்கவில்லை. சில நாள் சோறு பிசையும்போது நினைவு வரும். கை அப்படியே நின்றுவிடும்.

*

அண்ணனும் தங்கையும் ஆரம்பித்த ஏலச் சந்தைக்குப் பெயர் 'கைத்துண்டு'. சந்தை என்றால் கொட்டகை இல்லை, கூச்சல் இல்லை, எல்லாம் ஃபோனுக்குள். பழைய தறி, மோட்டார், லேத்து, எண்ணெய்ச் செக்கு, தேங்காய் உரிக்கும் மெஷின் எல்லாம் அதில் ஏலம் போகும். சோமனூரிலிருந்து உடுமலைப்பேட்டை வரைக்கும் இன்று அதைத் தெரியாத தொழில்காரர் கிடையாது. ஆனால் ஆரம்பித்த ஆறு மாதம் அது ஈயோட்டிக்கொண்டிருந்தது.

காரணம் வேடிக்கையானது. விலை கேட்பவரின் பெயரும் படமும் அப்போது எல்லாருக்கும் தெரியும். ஒருவர் இருபதாயிரம் கேட்டதும் அடுத்தவர் பெயரைப் பார்ப்பார். அட, நம்ம சின்னம்மா மருமகன்! அத்தோடு ஏலம் படுத்துவிடும். "அவரு கேட்டதுக்கு மேல நான் கேட்டுப்போட்டு, நாளைக்குச் சீர் நடக்கற ஊட்டுல மூஞ்சியப் பாக்க முடியுங்களா?" என்பார்கள். இந்தச் சீமையில் யார் யாருக்குச் சொந்தமில்லை? விற்க வந்தவன்தான் பாவம், சொந்தபந்தத்தின் மரியாதைக்காகத் தறியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒருநாள் சரவணன் மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டு வந்தான். இரண்டு பேர் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவதை அங்கே பார்த்திருக்கிறான். "துண்டுக்கு மேல ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசறாங்க லோகு. துண்டுக்குக் கீழதான் சண்டை. நம்மாளுகளுக்கு இந்தத் துண்டுதான் வேணும்!" அன்றைக்கே பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண் கொடுத்தான். மூன்றே மாதத்தில் மச்சானும் மச்சானும் தெரியாமலே மோதிக்கொண்டார்கள். அடுத்த கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசமும் குடித்தார்கள்.

அவன் கொண்டுவந்த அடுத்த மாற்றம், குறையைச் சொல்வது. படத்தில் எந்தக் கிழட்டு மெஷினும் மணப்பெண்தான். அதனால் சரவணன் படத்தை நம்பவில்லை. மெஷினை ஓடவிட்டு அதன் சத்தத்தை ஒரு நிமிடம், நடுவில் வெட்டாமல், பதிவு செய்து போடுவான். சத்தத்துக்கு முன்னால் தேதி, இடம் சொல்லி, "குறை ஒண்ணு இருக்குதுங்க" என்று அவன் குரல் ஆரம்பிக்கும். சோமனூர்க்காரனுக்குச் சத்தம் போதும். பிள்ளையின் இருமலைத் தாய் அறிகிற மாதிரி தறியின் கோளாறைச் சொல்லிவிடுவான். குறையைச் சொன்னால் விலை விழும் என்றுதான் எல்லாரும் பயந்தார்கள். விலை விழவில்லை, கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்த இடத்துக்குச் சரக்கு வந்தது. சரக்கைப் பார்த்து இன்னும் கூட்டம் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி தள்ளுபடி, பரிசு என்று கொட்டி முழக்கிக்கொண்டு போட்டிக்கு வந்தது. படங்கள் எல்லாம் பளபளப்பாக இருந்தன, குறையைத்தான் யாரும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவதுதான் ஏழாம் எண். எண் கொடுத்த அன்றே சரவணன் எல்லாருக்கும் சொல்லிவிட்டான். "ஏழாம் நம்பர் என்னுதுங்க. அது ஒருநாளும் விலை கேக்காது. கடைக்காரனே சொந்தக் கடைல விலை ஏத்துனா, அன்னைக்கே நீங்க கடைய இழுத்துச் சாத்திருங்க."

கம்ப்யூட்டர் வேலை பார்த்த பையன் அந்த எண்ணைப் பூட்டிவிடலாம் என்றான். சரவணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தான் சொல்லிப்போட்டனே, அப்புறம் பூட்டு எதுக்கு?" வாக்குக் கொடுத்த பிறகு பூட்டும் போட்டால் வாக்குக்கு என்ன மரியாதை என்பது அவன் கட்சி. எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது.

ஆறு வருடம் ஏழு தூங்கியது. அவன் செத்த பிறகு லோகப்பிரியா அதை நீக்க எத்தனையோ முறை போனாள். 'உறுதியா?' என்று திரை கேட்கும். அவளுக்கு உறுதி வராது.

*

பத்து மணிக்கு ஏலம் தொடங்கியது. நான்கு மணிக்கு முடியும்.

அலுவலகம் கருமத்தம்பட்டியிலேயே ஒரு மாடியில். எதிர் மேஜையில் சுஃப்யான். மெஷின்களை நேரில் போய்ச் சோதித்துச் சத்தம் பதிவு செய்வது இப்போது அவன்தான். உக்கடத்தில் அவன் வாப்பா அப்துல் வஹீது மோட்டார் காயில் கட்டுகிறவர். அந்தக் காது மகனுக்கும் வந்திருந்தது.

மற்ற ஏழு தறிக்கும் லோகப்பிரியா குறை சொல்லியிருந்தாள். ஐந்தாம் தறிக்குக் குறை இல்லை, ஒயரிங் புதிது என்று சொல்லியிருந்தாள். பொய் இல்லை. ஆனாலும் அதைப் பதிவு செய்தபோது அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

பத்து நாற்பதுக்கு சுஃப்யான் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"அக்கா."

"என்னப்பா?"

"அஞ்சாந் தறியப் பாருங்க."

பார்த்தாள். நாற்பத்திரண்டாயிரம். கேட்டவர்: எண் 7.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே 412 என்கிற எண் நாற்பத்து மூன்று கேட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு, நாற்பத்தைந்து என்றது. அண்ணன் சீட்டு விளையாடும்போது இப்படித்தான், எதிராளியை யோசிக்க விடமாட்டான்.

சுஃப்யான் எதையெதையோ தட்டிப் பார்த்தான். "உள்ள நுழையறதுக்கு ஓடிபி போயிருக்குக்கா. அண்ணன் ஃபோன் நம்பருக்கு."

"அந்த சிம் செத்துப் பதினோரு மாசமாச்சு."

"செத்திருந்தா ஓடிபி போகாதுக்கா."

லோகப்பிரியா ஃபோனை எடுத்தாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் பெயரை அழுத்தினாள். 'அண்ணன்'. அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. பயம் குறையவில்லை. அடித்திருந்தால் கூடக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும் என்று தோன்றியது.

பதினொன்றேகாலுக்கு முதல் அழைப்பு வந்தது. பல்லடம் பக்கத்துச் சென்னியப்பன். கைத்துண்டு ஆரம்பித்த நாளிலிருந்து விலை கேட்கிற ஆள்.

"ஏனுங் அம்மணி, நான் பாக்கறது நெசந்தானுங்களா? ஏழு எந்திரிச்சிருச்சுங்களா?"

"எங்களுக்கும் ஒண்ணும் புரியலீங்க. பாத்துட்டிருக்கோம்."

"நான் ஒண்ணும் தப்பா நெனைக்கலீங்க. ஆனா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. செத்த அண்ணன் நம்பர்ல தங்கச்சியே விலை ஏத்துதுன்னு ஒருத்தன் இப்பவே சொல்லிப்போட்டான்." கொஞ்சம் தயங்கினார். "உங்கண்ணன் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. கடைய இழுத்துச் சாத்திருங்கன்னு."

வைத்துவிட்டார். லோகப்பிரியா திரையைப் பார்த்தாள். ஏழு, அறுபத்தொன்று. 412 அதற்கு மேல் வரவில்லை. கேட்க ஆளில்லாத விலையை ஏழு தானே ஏற்றிக்கொண்டு போனது. அறுபத்தைந்து. எழுபது.

"தடுத்துரட்டுமாக்கா? ஒரு பட்டன்தான்" என்றான் சுஃப்யான்.

"இரு."

ஏன் இரு என்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

பன்னிரண்டு மணிக்கு நனைந்த ரெயின்கோட்டோடு அன்புக்கரசி படியேறி வந்தாள். சரவணனின் மனைவி. முப்பத்தாறு வயது, பதினோரு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. இந்தத் தறிகள் விற்றால்தான் அவளுக்கு விடிவு. தொண்டாமுத்தூரில் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடை பேசி வைத்திருக்கிறாள்; மகள் பூஜிதாவுக்கும் அங்கேயே பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. குடோன் வாசலைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டியிருக்கிறது, முடியவில்லை என்று போன மாதம் அழுதவள்.

திரையைக் கண்டதும் அவள் அழவில்லை. ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"வந்துட்டாரு" என்றாள்.

"அண்ணி, அப்படியெல்லாம் இல்லீங்க. ஆரோ அண்ணன் ஃபோன வெச்சுக்கிட்டு..."

"அந்த நம்பரை நான்தான் உசுரோட வெச்சிருக்கேன் அம்மணி." குரல் மெதுவாக வந்தது. "மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிட்டிருக்கேன். உட்டுட்டா கம்பெனிக்காரன் அத வேற ஆருக்காச்சும் குடுத்துருவானாமே. நான் கூப்புடறப்ப வேற எவனோ அலோன்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?"

சுஃப்யான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

"தடுக்காதீங்க" என்று அன்புக்கரசி நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "அவரு அவரோட தறியக் கேக்கறாரு. கேட்டுட்டுப் போகட்டும்."

"நாம நிறுத்தலீன்னா ஊரு நம்மளத் திருடின்னு சொல்லும் அண்ணி. ஏழு ஏன் கேக்குதுன்னு எல்லாருக்கும் நான் பதில் சொல்லோணும்."

"சொன்னா? அஞ்சாந் தறில உசுரு போச்சுன்னும் சேத்துச் சொல்லுவீங்களா? அதுக்குப் பொறவு மீதி ஏழு தறிய எவன் தொடுவான்? சாவு ஊட்டுத் தறின்னு இரும்பு வெலைக்குக்கூட வாங்க மாட்டாங்க. நானும் பூஜிதாவும் அந்தக் குடோன் வாசல்லயே கெடக்கோணும்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் கஷ்டம். வாயைத் திறந்தால் அண்ணியின் பிழைப்பு போகும். திறக்காவிட்டால் அண்ணன் கட்டிய சந்தை போகும், அவன் பெயரும் அதோடு போகும். ஒரு பட்டனை அழுத்தி ஏழைத் தடுத்துவிட்டு ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். நம்புகிறவர்கள் நம்புவார்கள். ஆனால் இன்னொரு தடவை அண்ணனின் அழைப்பைக் கட் செய்ய அவளால் முடியாது.

இரண்டரை மணிக்கு ஏழு தொண்ணூற்றாறாயிரத்தில் போய் நின்றது. பழைய தறிக்கு எவனும் கேட்காத விலை.

லோகப்பிரியா பழைய பதிவுகளில் முதலாவதைத் தேடி எடுத்தாள். ஆறு வருடத்துக்கு முந்தையது. பொத்தானை அழுத்தினாள். "குறை ஒண்ணு இருக்குதுங்க" என்றது அண்ணன் குரல். "இந்த மெஷினோட ஓனரு நானு. எண்ணெய் உடாம ஆறு மாசம் ஓட்டிப்போட்டேன். தப்பு மெஷின் மேல இல்லீங்க, என் மேல." சிரித்தான். பிறகு தறி ஓடியது.

அவள் மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். அன்புக்கரசி தடுக்க வாயெடுத்தாள். லோகப்பிரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கைத்துண்டு லோகப்பிரியா பேசறனுங்க. குறை ஒண்ணு இல்லீங்க, மூணு இருக்குது. ஏழாம் நம்பர் எங்கண்ணனோடது. அதுல இப்ப ஆரு கேக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. பூட்டாம உட்டது எங்க தப்பு. ரெண்டாவது, அஞ்சாந் தறிலதான் எங்கண்ணன் செத்தாரு. அத நான் சொல்லாம மறைச்சேன். மூணாவது..."

நின்றாள். மைக்கை இன்னும் நெருக்கி இழுத்தாள்.

"மூணாவது தறியோட குறை இல்லீங்க, என்னோடது. அன்னைக்குக் காலைல எங்கண்ணன் என்னை மூணு தடவ கூப்புட்டாரு. ஏலம் முடியற நேரம்னு நான் எடுக்கல. எடுத்திருந்தா இருந்திருப்பாரோ என்னமோ. விலை கேட்டவங்க ஆரு வேணும்னாலும் எந்தத் தறிலிருந்தும் வாபஸ் வாங்கிக்கலாமுங்க."

அனுப்பிவிட்டாள். அது எல்லாருடைய ஃபோனுக்கும் போனது.

"மூணு தடவையா?" என்றாள் அன்புக்கரசி.

லோகப்பிரியாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

"என்னையும் ஒரு தடவ கூப்புட்டாரு அம்மணி. நான் குளிச்சுட்டிருந்தேன். அடிக்கறது கேட்டுது. தலைல சீயக்காய், அப்புறம் பேசிக்கலாம்னு உட்டுட்டேன்." அன்புக்கரசி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நானும் ஆருகிட்டயும் சொல்லல."

பதினோரு மாதம் ஒரே பாரத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள், அதுவும் பக்கத்துப் பக்கத்து ஊரில். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நல்ல சத்தமாகவே அழுதார்கள்.

சுஃப்யான் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் தறியிலிருந்து ஒவ்வொருவராக விலகினார்கள். 412 போனது. மற்றவர்களும் போனார்கள். ஏழு மட்டும் தொண்ணூற்றாறில் தனியாக நின்றது.

"மத்த தறி?" என்றாள் லோகப்பிரியா, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"ஒருத்தர்கூடப் போகலக்கா." அவனாலேயே நம்ப முடியவில்லை. "இருங்க... ரெண்டாந் தறி ஏறுது. எட்டும் ஏறுது."

சென்னியப்பனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. 'குறை சொன்ன வாய் பொய் சொல்லாது அம்மணி. நடத்துங்க.'

மூன்றரை மணிக்கு அன்புக்கரசி பூஜிதாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள். குடோனைப் பூட்டி வைக்க சுஃப்யான் சோமனூருக்குப் போனான். போகும்போது வாசலில் நின்று, "அக்கா, ஜெயிச்சவங்க நேர்ல வந்து, மெஷின் ஓடற சத்தத்தக் கேட்டாத்தானே குடுப்போம்? ஏழும் வரோணுமில்ல?" என்றான்.

"ரூல்னா எல்லாருக்குந்தான்" என்றாள்.

*

நான்கு மணிக்கு ஏலம் முடிந்தது. ஏழு தறிகள் நல்ல விலைக்குப் போயிருந்தன. ஐந்தாம் தறி, எண் 7.

நான்கு மணி ஏழு நிமிடத்துக்கு அவள் ஃபோன் ஒரு செய்தியோடு அதிர்ந்தது. திரையில் அந்தப் பெயர். 'அண்ணன்'.

அறையில் யாரும் இல்லை. மழை ஓட்டின் மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அவளுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. திறந்தாள்.

முதலில் ஒரு வரி. 'மூணாவது குறை உங்களுது இல்லீங்க.'

அதற்குக் கீழே ஒரு குரல் பதிவு. சரியாக ஒரு நிமிடம்.

அழுத்தினாள். மழைச் சத்தம் கேட்டது. வெளியே பெய்கிற மழை அல்ல, வேறு மழை. பிறகு அண்ணன் பேசினான். தேதி சொன்னான். அவன் செத்த தேதி.

"எடம் சோமனூர், நம்ம குடோன். அஞ்சாந் தறி. குறை ஒண்ணு இருக்குதுங்க. மோட்டார் ஒயரு தோலுரிஞ்சு பாடில ஒரசுது. எர்த்தும் கழண்டு கெடக்குது. மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் தொட்டுப் பாக்கறேன். இத சரி பண்ற வரைக்கும் ஏலம் கெடையாதுங்க. தங்கச்சிகிட்டச் சொல்லலாம்னு கூப்புட்டேன், எடுக்கல. ஏலத்துல இருக்கும். பாவம், முடிச்சுட்டு வரட்டும். அவசரம் ஒண்ணுமில்ல."

அவசரம் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னான். பதினோரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் நகர்ந்த மாதிரி இருந்தது. லோகப்பிரியா வாய்விட்டு அழப்போனாள். அதற்குள் பதிவில் இன்னொரு குரல் கேட்டது. வாசல் பக்கத்திலிருந்து, மழையில் ஓடிவந்து நின்ற மூச்சோடு.

"மச்சான், இருட்டாக் கெடக்குதே. மெயினப் போடட்டுங்களா?"

"இருங்க மாப்—"

டக்.

ஏதோ விழுந்தது. ஃபோன் தரையில் உருண்டது. பிறகு மழை மட்டும்.

"மச்சான்?" என்றது அந்தக் குரல்.

மழை.

"மச்சான்? மச்சான்!"

வெட்டாமல் ஒரு நிமிடம் என்பதுதான் விதி. லோகப்பிரியா முழு நிமிடமும் கேட்டாள். அந்தக் குரல்தான் இன்று காலை அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, ஐந்தாம் தறியை உடைத்துப்போடச் சொன்னது. அன்றைக்கு உடுமலையில் இருந்ததாகச் சொன்ன குரல். பாடையைத் தூக்கும்போது எல்லாரையும்விடச் சத்தமாக அழுத குரல்.

அந்தப் பெயரை மறுபடி அழுத்தினாள். இந்த முறை அடித்தது.

காதில் மட்டும் அடிக்கவில்லை. கீழே, மாடிப்படி அடியிலும் அடித்தது. அண்ணனுடைய பழைய மணிச் சத்தம்.

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். படிக்குக் கீழே மதன்குமார் தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். கையில் சரவணனின் ஃபோன் ஒளிர்ந்தது. ஒரு கால் முதல் படியின் மேல் இருந்தது. அதை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டான்.

"மேல வரட்டுங்களா, லோகு?"

கேட்டுவிட்டு, ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, அவள் பதிலுக்காக அசையாமல் காத்து நின்றான்.